போதைப் பிணியும் மருந்தும் நம் கடமையும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனை பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது, எத்தனை பேருக்குப் புத்தகமும் கட்டணமும் தந்தது, அவர்களுள் எத்தனை பேர் இன்று செவிலியராகவும் ஆசிரியராகவும் பொறியாளராகவும் விளங்குகிறார்கள் என்பதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் எடுத்துரைத்தார்கள். நான் பேச வந்த பொருள் அத்துணை இனிமையானதன்று. அபின் வகை மருந்துகளுக்கு அடிமைப்பட்டு அழியும் இளைஞர்களைப் பற்றியும், அவர்களை மீட்கவல்ல புப்ரினார்பின் என்னும் மருந்தைப் பற்றியும், இவ்விரண்டுக்கும் நடுவில் நம் சமுதாயம் செய்ய வேண்டிய கடமையைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

விழா நாளில் இப்பேச்சு எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேலி கட்டி நீர் ஊற்றி வளர்த்த பயிரை, கதிர் விடும் பருவத்தில் பூச்சி அரிக்கும்போது, நடவு எவ்வளவு சிறப்பாக நடந்தது என்று பேசிக்கொண்டிருக்க இயலுமா? பதினெட்டு வயதிலும் இருபது வயதிலும் நம் பிள்ளைகளை இழப்போமானால், அவர்களை ஆறு வயதில் பள்ளியில் சேர்த்த பெருமையால் ஆவதென்ன? ஆகவேதான் இதைக் கல்விப் பணியின் ஒரு பகுதியாகவே கருதி உங்கள் முன் வைக்கிறேன்.

வலியும் மாத்திரையும்

திருப்பூர் உழைப்பால் உயர்ந்த ஊர். பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளிலும் நம் மக்களின் உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கட்டிங் மேசையருகே நாள் முழுதும் நிற்பவருக்குக் காலும் இடுப்பும் வலிக்கும். ஓவர்லாக் மிஷினில் குனிந்தே இருப்பவருக்குக் கழுத்தும் தோளும் வலிக்கும். அயர்ன் பெட்டி பிடிப்பவருக்கு மணிக்கட்டு வலிக்கும். ஏற்றுமதிக்குச் சரக்குப் போக வேண்டிய நாட்களில் ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்டாக நீளும். பீஸ் ரேட்டுக்கு உழைப்பவர் ஒரு நாள் ஓய்ந்தால், சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். எனவே வலியின் காரணத்தைத் தேடுவதைவிட, ஒரு மாத்திரையால் அதை அமுக்குவதே நம்மவருக்கு எளிதாகப் படுகிறது.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்னும் நிறுவனத்தின் செய்தியாளர்கள், தமிழகத்து ஆடைத் தொழிலில் பணிபுரியும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி ஓர் ஆய்வுச் செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலியென்று சொன்ன பெண்களுக்கு, விடுப்போ ஓய்வோ தராமல், பெயரும் விவரமும் அச்சிடப்படாத மாத்திரைகள் பணியிடத்திலேயே தரப்பட்டன என்பது அச்செய்தி. அம்மாத்திரைகள் போதை தருவன அல்ல. இப்யூபுரூபன் இனத்தைச் சேர்ந்த சாதாரண வலி நிவாரணிகளே. எனினும், இன்னதென்று அறியாமல் ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கம் உழைப்பாளரிடையே எவ்வாறு வேரூன்றுகிறது என்பதற்கு அது தக்க சான்று.

இப்பழக்கம் வேரூன்றிய இடத்தில்தான் வேறொரு வகை மாத்திரை வந்து நுழைந்திருக்கிறது. டேபென்டடால், டிரமடால் என்பன அவற்றின் பெயர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கடும் வலியின்போதும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள் இவை. அபினும் மார்பினும் ஹெராயினும் உடலில் எவ்வழியாக வேலை செய்கின்றனவோ, அவ்வழியாகவே இவையும் வேலை செய்கின்றன. டிரமடாலை 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரங்களில் வலி நிவாரண மாத்திரைகளை இளைஞர்களுக்குப் போதைக்காக விற்றவர்கள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் அச்செய்திகளில் உண்டு. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் மாவும் பிசினும் கலந்திருக்கும். அவை இரத்தக் குழாயை அடைத்துச் சீழ் பிடிக்கச் செய்யும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் கூடவே வரும்.

நாடு முழுவதற்குமான கணக்கு ஒன்றும் உண்டு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. இந்தியாவில் நூற்றுக்கு இருவர், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் பேர், அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 77 இலட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் அந்த ஆய்வு கூறியது. மதுவால் கெடுவோர் இதனினும் பன்மடங்கு அதிகம் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும், மதுவுக்கு எதிராக நம் பெரியோர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையிலேயே மதுவிலக்குக்காக வாதாடினார். இந்தப் புதுப் பிணியைப் பற்றியோ நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

நோயா, ஒழுக்கக் கேடா?

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைக்கு அடிமைப்பட்டவன் நோயாளியா, ஒழுக்கம் கெட்டவனா?

நம் மூளையில் வலியை அடக்குவதற்கென்றே சில பொருள்கள் இயற்கையாகச் சுரக்கின்றன. ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர்கள் 1975-ஆம் ஆண்டில் இவற்றுள் முதலாவதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இப்பொருள்கள் சென்று பொருந்துவதற்கான இடங்கள் நரம்பணுக்களில் உள்ளன. அவற்றை ஏற்பிகள் என்பர். ஏற்பியைப் பூட்டென்றும், சுரக்கும் பொருளைச் சாவியென்றும் வைத்துக்கொள்ளுங்கள். அபின் வகை மருந்துகள் அந்தப் பூட்டுக்குப் பொருந்தும் கள்ளச் சாவிகள். இயற்கைச் சாவியைவிட மிகுந்த வலுவோடு பூட்டைத் திறந்து, வலியைப் போக்குவதோடு பெருங்களிப்பையும் உண்டாக்குகின்றன.

நாள்தோறும் கள்ளச் சாவியே பூட்டைத் திறந்துகொண்டிருந்தால் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாது. மருந்து கிடைக்காத நாளில் கண்ணீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி அடுக்கடுக்காக வருகிறது, மயிர் சிலிர்க்கிறது, வயிறு போகிறது, எலும்பெல்லாம் நொறுங்குவது போல வலிக்கிறது, உறக்கம் அறவே போய்விடுகிறது. இந்நிலையை அடைந்தவன் களிப்புக்காக மருந்தைத் தேடுவதில்லை. எழுந்து நடமாடுவதற்காகவே தேடுகிறான். அப்பா அடித்தாலும், அம்மா அழுதாலும், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் மூன்றாம் நாள் அவன் அதே இடத்துக்குப் போவதற்குக் காரணம் இதுதான். அவனுடைய மனவலிமையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் போலவே இதுவும் நெடுநாள் மருத்துவம் வேண்டும் நோய். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளை மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்து, மருத்துவம் பெறும் உரிமையை அளித்திருக்கிறது.

புப்ரினார்பின் என்னும் மருந்து

இந்நோய்க்கு மருந்து உண்டு என்பதே நம் மக்கள் பலருக்குத் தெரியாத செய்தி.

1966-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் நகரில், ரெக்கிட் அண்டு கோல்மன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஜான் லூயிஸ் என்னும் வேதியியலாரின் குழு புப்ரினார்பினை உருவாக்கியது. அபின் செடியிலிருந்து கிடைக்கும் தீபெயின் என்னும் பொருளே அதன் மூலம். அடிமைப்படுத்தும் தீங்கு குறைந்த வலி மருந்தொன்றைக் காண்பதே அவர்களின் நோக்கம். பின்னர் 1978-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜசின்ஸ்கியும் அவருடைய குழுவினரும், அபின் வகை அடிமைத்தனத்தைத் தீர்க்கவும் இம்மருந்து உதவும் என்று காட்டினார்கள்.

மீண்டும் பூட்டையும் சாவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். புப்ரினார்பின் அந்தப் பூட்டில் நுழைந்து பாதியளவே திரும்பும் சாவி. பாதி திரும்புவதால் நோயாளியின் உடல் வேதனை அடங்குகிறது. முழுதும் திரும்பாததால் பெருங்களிப்பு எழுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் விளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே மூச்சடங்கும் ஆபத்தும் ஹெராயின், மார்பின் ஆகியவற்றைவிடக் குறைவு. இது பூட்டை இறுகப் பற்றிக்கொள்வதால், மேலே வேறு கள்ளச் சாவி வந்தாலும் நுழைய இடமின்றித் திரும்புகிறது. ஒரு நாளுக்கு மேலும் நிலைத்து நிற்பதால் நாளுக்கு ஒரு முறை தந்தால் போதும். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரையாக இது தரப்படுகிறது. விழுங்கினால் பயன் மிகவும் குறைந்துவிடும்.

இதைத் தொடங்கும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். போதை மருந்து உடலில் முழு வேகத்தோடு இருக்கும்போதே புப்ரினார்பினைக் கொடுத்தால், அது பழைய சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தான் பாதியளவே திரும்பும். அப்போது வேதனை திடீரெனப் பெருகும். எனவே, வேதனைக் குறிகள் தோன்றத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைத் தர வேண்டும். அந்நேரத்தைக் கணிப்பவர் மருத்துவர். அண்டை வீட்டாரோ நண்பரோ தமக்குத் தெரிந்த அளவில் கொடுக்கும் மருந்தன்று இது.

நம் நாட்டிலும் இது புதிதன்று. டில்லி மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் 1990-களிலேயே இம்மருத்துவத்தைத் தொடங்கினார்கள். 2007-க்குப் பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், ஊசியால் போதை ஏற்றிக்கொள்வோருக்கு இம்மருந்தை இலவசமாகத் தரும் மையங்கள் பல மாநிலங்களில் திறக்கப்பட்டன. பஞ்சாப் மாநிலம் 2017-இல் இதற்கெனப் புறநோயாளர் மருத்துவமனைகளைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் 2005-ஆம் ஆண்டிலேயே இதைச் சேர்த்தது.

ஒரு போதைக்கு மற்றொரு போதையா?

“ஒரு போதையை விடுவதற்கு மற்றொரு போதையைக் கொடுப்பதா? இதுவும் அபின் குடும்பம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு இரண்டு ஊர்களின் அனுபவத்தை விடையாகத் தருகிறேன்.

முதலாவது பிரான்சு. ஹெராயின் பழக்கத்தால் இளைஞர்கள் மாண்டு வந்த அந்நாட்டில், 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே புப்ரினார்பினை எழுதித் தர அனுமதிக்கப்பட்டார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் ஹெராயின் மிகையால் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

இரண்டாவது நம் சென்னை. 1980-களில் அங்கே பிரவுன் சுகர் பரவியது. பின்னர், ஊசி மருந்தாக விற்கப்பட்ட இதே புப்ரினார்பினையும் தூக்க மருந்துகளையும் கலந்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியது. 2005-ஐ ஒட்டிச் சென்னையில் ஊசிப் பழக்கமுள்ளவர்களை ஆராய்ந்தபோது, நால்வரில் ஒருவர் என்னும் அளவுக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது தெரியவந்தது.

மருந்து ஒன்றே, விளைவு இரண்டு. மருத்துவர் கணித்த அளவில், நாக்கின் அடியில், கண்காணிப்போடு தரப்பட்ட இடத்தில் அது உயிரைக் காத்தது. கள்ளத்தனமாக வாங்கி, ஊசியில் ஏற்றி, வேறு மருந்தோடு கலந்த இடத்தில் அது உயிரை வாங்கியது. அடிமைத்தனத்தைத் தீர்க்கும் புப்ரினார்பினை மருந்துக் கடைகளில் விற்காமல், அங்கீகாரம் பெற்ற மையங்கள், மருத்துவமனைகள் வழியாகவே தர வேண்டும் என்று நம் நாட்டில் விதித்திருப்பதற்குக் காரணம் இதுவே. நலாக்சோன் என்னும் எதிர்மருந்தைச் சேர்த்துச் செய்த மாத்திரையும் உண்டு. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் வேதனையே மிஞ்சும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் புப்ரினார்பின் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகக் கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

இன்னொரு செய்தி. இம்மருந்து அபின் வகை அடிமைத்தனத்துக்கு மட்டுமே உரியது. மதுவுக்கும் கஞ்சாவுக்கும் இது மருந்தாகாது. அவற்றுக்கு வேறு மருத்துவம் உண்டு.

இரண்டு இளைஞர்கள்

என்னிடம் படித்த இரண்டு மாணவர்களின் நிலையைப் பெயர் சொல்லாமல் கூறுகிறேன்.

ஒருவன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கைமடி வேலைக்குப் போனவன். பிறகு நல்ல டெய்லர் ஆனான். இரவு வேலையின்போது தோள்வலிக்கென்று உடன் வேலை செய்தவர் தந்த மாத்திரையில் தொடங்கியது அவன் துன்பம். வீட்டார் மானத்துக்கு அஞ்சி, தனியார் விடுதி ஒன்றில் அவனை அடைத்து வைத்தார்கள். மருந்து எதுவும் இல்லை, மருத்துவரும் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தெளிந்த முகத்தோடு திரும்பினான். கெடா வெட்டி விருந்து வைத்தார்கள். மூன்றாம் வாரத்தில் பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து பழைய அளவையே எடுத்துக்கொண்டான். அன்றிரவே மூச்சடங்கி இறந்துவிட்டான்.

அவன் ஏன் இறந்தான் என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் போதை மருந்து இல்லாதிருந்தால், அதைத் தாங்கும் பழக்கத்தை உடல் இழந்துவிடுகிறது. அப்போது பழைய அளவே கொல்லும் அளவாகிவிடுகிறது. சிறையிலிருந்தோ விடுதியிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. அடைத்து வைத்துத் தெளிய வைப்பது மட்டும் மருத்துவமாகாது. தெளிந்த பின்னும் மருந்தும் துணையும் தொடர வேண்டும்.

மற்றவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். செக்கிங் வேலையில் இருந்தான். அவனுடைய அக்காள் செவிலியர் படிப்புப் படித்தவர். நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்றவர். தம்பியின் நிலையை அறிந்ததும் அவர் அவனை அடிக்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவன் புப்ரினார்பின் எடுக்கத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. இடையில் ஒரு முறை தவறினான். மீண்டும் அக்காள்தான் அழைத்துப் போனார். இன்று வேலைக்குச் செல்கிறான். தாயாரின் கையில் சம்பளத்தைக் கொடுக்கிறான். “இன்னும் எத்தனை நாள் சார் இந்த மாத்திரை?” என்று என்னைக் கேட்டான். “சர்க்கரை வியாதிக்கு நான் பதினோரு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு வெட்கமில்லை, உனக்கு மட்டும் ஏன்? நிறுத்தும் நாளை மருத்துவர் சொல்லுவார்” என்றேன்.

இருவருக்கும் வந்த நோய் ஒன்றே. வீட்டிலிருந்த படிப்பில்தான் வேறுபாடு. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் செய்த வேலை அங்கே ஓர் உயிரைக் காத்தது என்றே நான் சொல்லுவேன்.

வலியுற்றோரின் உரிமை

போதைக்கு அஞ்சி மருந்தையே வெறுப்பதும் தவறு. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, அதன் கடுமையான விதிகளுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பினை வாங்கி வைப்பதையே விட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பினின் அளவு நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. புற்றுநோயால் துடித்த ஏழைகள் வலி மருந்தின்றியே மாண்டார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவத்தைத் தொடங்கி, பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பயனாக 2014-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையா வலி மருந்துகளைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது.

புப்ரினார்பினும் வலி மருந்தாகவே பிறந்தது என்பதை முன்பே சொன்னேன். அதன் ஊசி மருந்து 0.3 மில்லிகிராம், ஏறத்தாழ 10 மில்லிகிராம் மார்பினுக்கு நிகர். தோலில் ஒட்டி ஏழு நாள் வரை மெல்ல மருந்தை இறக்கும் பட்டையும் இன்று உண்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்பினைவிட இது ஏற்றது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டில் ஒரு பாட்டி புற்றுநோயால் துடித்தால், “ஏழைக்கு வலி பழகிப்போகும்” என்று வாளாவிருக்காதீர்கள். வலிக்கு மருந்து கேட்பது அவருடைய உரிமை.

மருந்தின் நான்கு பகுதிகள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்கிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிலிருந்து அதைக் கொடுக்கும் துணைவன் ஒருவன். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முடமாகும். இவற்றை நம் நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நோயுற்றவன். அவன் வெளியே வந்து சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதில் இரட்டைத் தடை இருக்கிறது. காலனிப் பையன் என்றாலே ஐயுறும் கண்கள் ஊரில் உண்டு. ‘மாத்திரைக்காரன்’ என்ற பெயரும் சேர்ந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும் என்று அவன் அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்குச் சட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமைப்பட்டவர் தாம் உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், தாமாகவே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் மருத்துவம் பெற்றால் வழக்கிலிருந்து விடுபட வழி செய்கிறது. மருத்துவத்தை அவர் முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்பவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இப்பிரிவை நம் சமுதாயத்தின் சட்டம் படித்த இளைஞர்கள் தெருத்தெருவாகச் சென்று விளக்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவர். திருப்பூருக்கு 2022-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்னும் பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. சென்னையில் 1980 முதல் டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் பணியாற்றி வருகிறது. எங்கே செல்வது என்று அறியாதவர்கள் 14446 என்னும் மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணிலோ, 14416 என்னும் மனநல உதவி எண்ணிலோ கேட்கலாம். பெயர்ப் பலகையைக் கண்டு எந்த விடுதியிலும் பிள்ளையைச் சேர்த்துவிடாதீர்கள். அங்கே மருத்துவர் இருக்கிறாரா, அரசு உரிமம் உண்டா, அடிப்பதில்லையா, வெளிவந்த பின் மருந்து தொடருமா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள்.

மூன்றாவது, மருந்து. அதைப் பற்றி வேண்டிய அளவு சொல்லிவிட்டேன். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் புப்ரினார்பின் இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்று கேட்டறிந்து, நம் மாவட்டத்திலேயே கிடைக்கச் செய்யுமாறு மனு கொடுக்க வேண்டும். வாரந்தோறும் வெளியூர் சென்று மாத்திரை வாங்க வேண்டுமென்றால், அன்றாடக் கூலிக்காரன் ஒரு மாதத்தில் நின்றுவிடுவான். பள்ளி வேண்டும் என்று மனு எழுதிய கைகள்தாம் நம் கைகள். இதற்கும் எழுதுவோம்.

நான்காவது, துணைவன். இங்கேதான் நம் சங்கத்தின் இடம் இருக்கிறது. மருத்துவரை அரசு தரும். மருந்தையும் அரசு தரும். கூடச் செல்லும் ஆளை நாம்தான் தர வேண்டும். ஆகவே சில யோசனைகளைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் இளைஞரும் ஒரு பெண்மணியுமாக இருவர் முன்வந்து, நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். மருத்துவம் பெறுபவரின் பெயரை அவ்விருவரும் வெளியிடக் கூடாது. மருத்துவம் பெற்றுத் திரும்பியவருக்கு வேலை தேடித் தர, பனியன் கம்பெனிகளில் பொறுப்பிலுள்ள நம் உறுப்பினர்கள் உதவ வேண்டும். ஒருவர் மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழாமல் கிடந்தால், காவல் துறைக்கு அஞ்சி விட்டுவிட்டு ஓடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை நம் மாலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் கற்பிக்க வேண்டும். மருத்துவர் சீட்டின்றி எந்த வலி மாத்திரையையும் பிறரிடமிருந்து வாங்கக் கூடாது என்பதையும் அதே வகுப்பில் கற்பிக்க வேண்டும். தோள்வலி வந்தால் ஓய்வும் இருக்கையும் வெளிச்சமும் கேட்பது உழைப்பாளியின் உரிமை என்பதும் அப்பாடத்தில் இடம்பெற வேண்டும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்கள் நண்பன் இந்நோயில் விழுந்தால் அவனோடு சேர்ந்து நீங்களும் விழ வேண்டாம். அவனைக் கண்டு விலகி ஓடவும் வேண்டாம். “டாக்டரிடம் போகலாம் வா, நானும் வருகிறேன்” என்று சொல்லுங்கள். தீண்டாமையின் கொடுமையை நம்மைப் போல் அறிந்தவர் யார்? நோயுற்ற ஒருவனைத் தெருவோரத்தில் தள்ளிவைத்து, அவன் தொட்ட தம்ளரை ஒதுக்கி, அவன் குடும்பத்தோடு பெண் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது நமக்கு ஏற்றதன்று. பிறர் நமக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைக்குச் செய்யலாகாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர்கள் வீடு வீடாகச் சென்று, “பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்” என்று கதவைத் தட்டினார்கள். அதே கதவுகளை மீண்டும் தட்ட வேண்டிய காலம் வந்திருக்கிறது. இம்முறை, “பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள், நாங்கள் கூட வருகிறோம்” என்று சொல்ல வேண்டும். இப்பணியை வெள்ளி விழாத் தீர்மானங்களுள் ஒன்றாக ஏற்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.